நாய், பூனைக்கு டாக்டரைத் தேர்வது எப்படி? பணம் எங்கே போகிறது?

2025-இன் கடைசி மாதங்களில் சென்னையில் நாய் வளர்க்கும் பல வீடுகளில் ஒரே பதற்றம். செல்லப்பிராணிகளுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லையென்றால் ரூ.5,000 அபராதம் என்று மாநகராட்சி அறிவித்திருந்தது. உரிமக் கட்டணம் வெறும் ரூ.50. ஆனால் உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்று வேண்டும். அந்தச் சான்றைப் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தர வேண்டும். தங்கள் நாய்க்கென்று ஒரு டாக்டர் இல்லை என்பதையே பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள். பெட் ஷாப்பில் போட்ட ஊசி, யாரோ வீட்டுக்கு வந்து போட்ட ஊசி, கையெழுத்தில்லாத தடுப்பூசிப் புத்தகம் என்று ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு சான்று கேட்டதும் நின்றுபோனது.

உரிமம் சிறிய விஷயம். அது தொட்டுக் காட்டிய குறை பெரியது. டாக்டர் இல்லாத பிராணிக்கு நோய் வரும்போது, தெரியாத இடத்தில், தெரியாத கட்டணத்தில், நேரம் கடந்த நிலையில் சிகிச்சை தொடங்குகிறது. பெரிய பில்களில் பெரும்பாலானவை அப்படி உருவாகின்றன. மருத்துவரைத் தேர்வதும் செலவைக் கட்டுப்படுத்துவதும் தனித்தனி வேலைகள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் முதலாவது சரியாக நடந்தால் இரண்டாவதில் முக்கால் பங்கு முடிந்துவிடும்.

## முதலில் மைக்ரோசிப் பற்றி

அரிசி மணி அளவுள்ள ஒரு கண்ணாடிக் குழல். ஊசி மூலம் கழுத்துத் தோலுக்கு அடியில் செலுத்தப்படுகிறது. உள்ளே பேட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகே கொண்டுபோனால் 15 இலக்க எண் தெரியும், அவ்வளவுதான். நாய் தொலைந்தால் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது, ஜிபிஎஸ் இல்லை. அந்த எண்ணோடு உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவாகியிருந்தால்தான் பயன். எண் மாறினாலும் வீடு மாறினாலும் பதிவைத் திருத்த வேண்டும். சிப்பின் எண்ணைத் தடுப்பூசிப் புத்தகத்திலும் எழுதி வாங்குங்கள். காப்பீடு எடுக்கும்போது 'இது அந்த நாய்தான்' என்று நிறுவவும் உதவும்.

## சட்டம் யாரை டாக்டர் என்கிறது?

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984 இதைத் தெளிவாக வரையறுக்கிறது. பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.எச். பட்டம் பெற்று, மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே கால்நடை மருத்துவம் பார்க்கலாம். படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. அதற்கு மேல் அறுவை, உள்மருத்துவம், இனப்பெருக்கம் போன்ற துறைகளில் எம்.வி.எஸ்சி. என்ற மேற்படிப்பு உண்டு.

டிப்ளமா அல்லது சான்றிதழ் பெற்ற உதவிப் பணியாளர்கள் தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்ற சிறு பணிகளைச் செய்ய அதே சட்டம் இடம் தருகிறது. ஆனால் மாநில அரசு அனுமதித்திருக்க வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையும் இருக்க வேண்டும். மருத்துவரே இல்லாத இடத்தில் ஒருவர் ஊசி போடுகிறார், மாத்திரை எழுதுகிறார் என்றால் அவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் அது சட்டத்துக்கு வெளியே. பெட் ஷாப் முதலாளி, நாய் பயிற்சியாளர், குட்டி விற்பவர் மூவருமே இந்த வரம்புக்கு வெளியே நிற்பவர்கள்.

பதிவு எண் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மருந்துச் சீட்டிலும் தடுப்பூசிச் சான்றிலும் அது இருந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

## தமிழ்நாட்டில் எங்கெல்லாம் போகலாம்?

1. அரசு கால்நடை மருந்தகம், மருத்துவமனை. ஊரில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்வது இதைத்தான். பெயரைக் கேட்டு, நாய்க்கு இங்கே என்ன இருக்கப் போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே இருக்கும் உதவி மருத்துவரும் அதே பட்டம் பெற்றவர்தான். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், காயம், சாதாரணக் காய்ச்சல் ஆகியவற்றுக்கு முதலில் போகத் தகுந்த இடம். ஆடு மாடு அதிகம் வரும் ஊரில் நாய்க்கான பரிசோதனைக் கருவிகள் குறைவாக இருக்கலாம், மருந்து இருப்பும் மாறும். 1962 என்ற இலவச எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை வண்டிகள் முதன்மையாகப் பண்ணை விலங்குகளுக்கானவை.

2. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது, வேப்பேரியில் இருக்கிறது. 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் உள்ளன. துறைவாரியாக நிபுணர்கள் ஒரே வளாகத்தில் கிடைப்பார்கள். தனியாரில் பல மடங்கு செலவாகக்கூடிய சிகிச்சை இங்கே மிகக் குறைந்த கட்டணத்தில் நடக்கும். நாய்களுக்கான ரத்த வங்கி, டயாலிசிஸ் போன்ற வசதிகள் வேப்பேரியில் இருப்பதைப் பலர் தேவை வந்த பிறகே அறிகிறார்கள். விலையாக நீங்கள் கொடுப்பது நேரம். காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே டாக்டரைப் பார்ப்பது உறுதியில்லை, மாணவர்கள் முதலில் பரிசோதிப்பார்கள். மாணவர் பரிசோதிப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். அவர்கள் பொறுமையாகக் கேட்டு எழுதும் விவரங்களில் சில சமயம் நோயே பிடிபட்டுவிடும்.

3. தனியார் கிளினிக், மருத்துவமனை. ஒற்றை அறை கிளினிக்கிலிருந்து ஆய்வகம், எக்ஸ்ரே, ஸ்கேன், ஐசியு உள்ள 24 மணி நேர மருத்துவமனை வரை இந்த வகையில் அடங்கும். கட்டணத்துக்கு அரசு நிர்ணயம் எதுவும் கிடையாது.

4. தொண்டு அமைப்புகள். சென்னையில் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்றவை. இவர்களின் முதல் பொறுப்பு தெருவில் கிடக்கும் விலங்குகள். கட்டணம் செலுத்த வசதியுள்ளவர்கள் அந்த வரிசையில் நிற்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

இந்த நான்கில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. வீட்டுக்கு அருகே ஒரு வழக்கமான டாக்டர், பெரிய சிகிச்சைக்குக் கல்லூரி மருத்துவமனை, நள்ளிரவுக்கு ஒரு 24 மணி நேர மருத்துவமனை என்று மூன்றையும் முன்பே குறித்து வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்த ஏற்பாடு.

## வழக்கமான டாக்டரிடம் பார்க்க வேண்டியவை

பிராணி நன்றாக இருக்கும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். எடை பார்ப்பது, தடுப்பூசி போடுவது போன்ற எளிய வேலைக்குப் போனாலே பின்வருபவை தெரிந்துவிடும்.

1. தொட்டுப் பார்க்கிறாரா? எடை, உடல் வெப்பம், ஈறின் நிறம், இதயத் துடிப்பு, வயிறு, நிணநீர்க் கட்டிகள். இதற்குச் சில நிமிடங்கள் போதும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டு ஊசி எடுக்கும் இடத்தில், என்ன நோய் என்று யாருக்கும் தெரியாமலே சிகிச்சை தொடங்குகிறது.
2. என்ன ஊசி போட்டார் என்று எழுதித் தருகிறாரா? மருந்தின் பெயர், அளவு, தேதி. இதைத் தர மறுக்கும் இடத்துக்கு மறுபடி போக வேண்டாம். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.
3. 'இது என்னால் முடியாது, இன்னாரிடம் போங்கள்' என்று சொல்வாரா? எலும்பு முறிவு, கண், இதயம் என வந்தால் யாரிடம் அனுப்புவார் என்று நேரடியாகவே கேளுங்கள். தெளிவாகப் பெயர் சொல்பவர் நம்பத் தகுந்தவர்.
4. இரவில், ஞாயிறில் என்ன ஏற்பாடு? தானே வர முடியாவிட்டாலும் எங்கே போக வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும்.
5. பூனைக்குப் பழகியவரா? பூனையை நாயின் சிறிய வடிவமாக நினைத்து மருந்து கொடுக்கக் கூடாது. அதன் கல்லீரல் பல மருந்துகளை வேறு விதமாகக் கையாளும். நாய்கள் குரைக்கும் கூடத்திலேயே பூனையை மணிக்கணக்கில் காக்க வைக்கும் இடம் பூனைக்கு ஏற்றதல்ல.

கட்டிடத்தின் பளபளப்பு, ஏசி, இணையத்தில் கிடைத்த நட்சத்திரங்கள் ஆகியவை இந்த ஐந்தில் எதற்கும் பதில் சொல்வதில்லை.

## தடுப்பூசி: குறைந்த செலவில் நடக்கும் பெரிய தவறு

குட்டிக்கு ஏன் மூன்று நான்கு முறை ஊசி என்று பலருக்குச் சந்தேகம். தாயிடமிருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள்கள் குட்டியின் உடலில் சில வாரங்கள் இருக்கும். அவை நோயை மட்டுமின்றித் தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்யும். எந்த வாரத்தில் அவை தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் அல்லது அதற்குப் பிறகு கடைசி டோஸ் வரும்படி போடுகிறார்கள். கடைசி டோஸை விட்டுவிடுவது முந்தைய டோஸ்களின் பணத்தையும் வீணாக்கக்கூடும்.

இந்த ஊசி பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ வைரஸ் நோய்களையும் எலிக்காய்ச்சலையும் தடுக்கிறது. பார்வோ வந்தால் குடலின் உள்தோல் அழிந்து, ரத்தமாகக் கழியும். அந்த வைரஸைக் கொல்லும் மருந்து நடைமுறையில் இல்லை. பல நாள் டிரிப்ஸ் ஏற்றி, குட்டி தானாக மீளும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒரு தொடர் தடுப்பூசியின் மொத்தச் செலவை அந்த மருத்துவமனை வாசத்தின் முதல் ஓரிரு நாட்களே தாண்டிவிடும்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மின்தடை வரும் கடையில், சாதாரணப் பையில் எடுத்துவந்த குப்பியில் என்ன வீரியம் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசி போட்டதும் குப்பியில் உள்ள லேபிளை உரித்துப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். தயாரிப்புத் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இருக்கும்.

வளர்ந்த நாய்க்கு ஆண்டுதோறும் எல்லா ஊசியும் தேவையா? பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ ஆகியவற்றுக்குக் குட்டிப்பருவத் தொடரும் அடுத்த பூஸ்டரும் முடிந்த பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை என்பது உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். எலிக்காய்ச்சல் ஊசியின் பாதுகாப்பு அவ்வளவு நாள் நிற்காது. அது ஆண்டுதோறும் வேண்டும். நம் ஊரில் எல்லாம் ஒரே குப்பியில் வருவதால் ஆண்டுதோறும் மொத்தமாகப் போடுவதே பழக்கமாகிவிட்டது. டாக்டரிடம் இதைப் பேசலாம், பேச வேண்டும். வெறிநோய் ஊசியில் மட்டும் பேரம் கிடையாது. மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். நோய்க்குறி தெரிந்த பிறகு ரேபிஸுக்குச் சிகிச்சை இல்லை, நாய்க்கும் மனிதருக்கும்.

## உண்ணிக் காய்ச்சல்: ஒரு பில் எப்படி வளர்கிறது

தமிழ்நாட்டின் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் உண்ணி உண்டு. அதனால் நாய் வளர்ப்பவர் செலவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற பாக்டீரியா ரத்தத்தில் சேரும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, தீனி எடுக்காமை. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்திருக்கும். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை, டாக்டர் சொன்ன அளவில், வழக்கமாக 28 நாள். பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளிலேயே சாப்பிடத் தொடங்கிவிடும்.

வேறு வழியில் போவதையும் பாருங்கள்.

முதல் நாள், 'காய்ச்சல்தான்' என்று ஓர் ஊசி. அதில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் இறங்கும், பசி வரும், வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். கிருமி அப்படியே இருக்கும். சில நாளில் மறுபடி சோர்வு, இன்னொரு கிளினிக், இன்னொரு ஊசி. முதலில் என்ன போட்டார்கள் என்ற சீட்டு கையில் இல்லாததால் இரண்டாமவரும் இருட்டில்தான் தேடுகிறார். அல்லது மாத்திரை சரியாகவே எழுதப்பட்டிருக்கும். நாய் தேறியதும் பத்தாம் நாளில் வீட்டார் நிறுத்திவிடுவார்கள். வெளியே அறிகுறி இல்லாமல் நோய் மாதக்கணக்கில் தங்கும். சில நாய்களில் அது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து நாள்பட்ட கட்டத்துக்குப் போகும். மூக்கில் ரத்தம், வெளுத்த ஈறு, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை. அப்போது சிகிச்சைச் செலவு பல மடங்காகும், பிழைப்பதும் உறுதியில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே உண்ணி பபீசியா என்ற ஒட்டுண்ணியையும் கொண்டுவரலாம். அது சிவப்பணுக்களை அழிக்கும். டாக்ஸிசைக்ளினால் மட்டும் அது தீராது, மருந்தே வேறு. ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது மலிவான சோதனை. ஆனால் கிருமி குறைவாக இருந்தால் தப்பிவிடும். அப்போது டாக்டர், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை எழுதினால் அதை வீண்செலவு என்று தள்ளிவிடாதீர்கள்.

முழு ரத்தப் பரிசோதனைக்கு முதல் நாளே கொடுக்கும் பணமும் மிச்சம்தான். சோதனை எழுதும் டாக்டர் பணம் பிடுங்குகிறார், ஊசி போட்டு அனுப்புபவர் நல்லவர் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. செலவைப் பொறுத்தவரை இதைவிடத் தவறான எண்ணம் எதுவும் இல்லை. காய்ச்சலுக்குச் சோதனை கேட்பவரைவிட, மூன்று முறை காய்ச்சல் வந்தும் சோதனை கேட்காதவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

உண்ணியைத் தடுக்க மாதம் ஒருமுறை கழுத்தில் விடும் சொட்டு மருந்து, வாய்வழி மாத்திரை ஆகியவை உண்டு. சில மாத்திரைகளின் பாதுகாப்பு மூன்று மாதம் வரை நிற்கும். வலிப்பு வந்த நாய் என்றால் மாத்திரைக்கு முன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இந்த உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை; சுவர் விரிசலிலும் கதவிடுக்கிலும் முட்டையிட்டு வாழும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால் பணம் திரும்பத் திரும்பப் போகும். நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது; பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ளவை பூனையைக் கொன்றுவிடும்.

## ஒரே கருத்தடைக்கு ஏன் இரண்டு விலை?

பெண் நாய்க்குக் கருத்தடை செய்ய ஓரிடத்தில் ஒரு தொகை, இன்னோரிடத்தில் மூன்று மடங்கு. இரண்டுமே நேர்மையான விலையாக இருக்க முடியும். வித்தியாசம் எங்கே என்று கேட்டால்தான் தெரியும்:

1. அறுவைக்கு முன் ரத்தம், சிறுநீரகம், கல்லீரல் சோதனை செய்கிறார்களா?
2. மயக்கம் ஊசியால் மட்டுமா, குழாய் செலுத்தி ஐசோஃப்ளூரேன் வாயு கொடுத்தா?
3. அறுக்கும் டாக்டர் ஒருவர், மயக்கத்தையும் துடிப்பையும் கவனிக்க இன்னொருவர் என்று இருக்கிறார்களா?
4. ஒவ்வோர் அறுவைக்கும் கருவிகள் தனியே கிருமிநீக்கம் செய்யப்படுகின்றனவா?
5. வலி மருந்து, கழுத்துப் பட்டை, தையல் பார்க்கும் அடுத்த வருகை ஆகியவை தொகைக்குள் அடக்கமா, தனியா?

இளம் வயது, ஆரோக்கியமான நாட்டு நாய்க்கு எளிய ஏற்பாடே பல இடங்களில் நன்றாக நடக்கிறது. பக், புல்டாக் போன்ற மூக்கு சப்பையான இனங்களுக்கு மயக்கத்தில் மூச்சு அடைபடும் ஆபத்து அதிகம். அங்கே இரண்டாம், மூன்றாம் கேள்விகளில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இனத்தைத் தேர்வது பற்றியும் இங்கே ஒரு சொல். இந்த மண்ணின் வெயிலில் பழகிய ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, தெருவில் பிறந்த நாட்டு நாய் ஆகியவை ஹஸ்கிக்கோ பக்குக்கோ ஆகும் ஏசிச் செலவையும் மூச்சுத்திணறல் செலவையும் கேட்காதவை.

கருத்தடையைத் தள்ளிப்போட்டால் என்ன? நடுவயதைக் கடந்த பெண் நாய்களுக்கு ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்த சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோய் வரலாம். நிறையத் தண்ணீர் குடிப்பது, வாந்தி, பிறப்புறுப்பில் கசிவு ஆகியவை அறிகுறிகள். அப்போது செய்வதும் கர்ப்பப்பையை எடுக்கும் அறுவைதான். நஞ்சு ஏறிய உடலில், அவசரத்தில், பெரும்பாலும் இரவில், கூடுதல் நாள் தங்கிச் செய்ய வேண்டியிருக்கும்.

## மதிப்பீடு கேளுங்கள், படிகளாகக் கேளுங்கள்

சேர்க்கைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கேட்பது வெட்கப்பட வேண்டிய காரியமில்லை. 'இன்று இரவுக்கு எவ்வளவு, மூன்று நாள் ஆனால் எவ்வளவு, எந்தத் தொகையைத் தாண்டினால் எனக்கு போன் செய்வீர்கள்' என்று மூன்று கேள்விகள் போதும். பில்லைப் படிக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மருந்துக்கும் தீனிக்கும் வரி உண்டு. சிகிச்சைக் கட்டணத்தின் மீதே வரி சேர்த்திருந்தால் விளக்கம் கேட்கலாம்.

கையில் இருக்கும் பணத்தை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல நோய்களுக்கு ஒரே ஒரு சிகிச்சை வழி என்று இருப்பதில்லை. எல்லாச் சோதனையும் செய்து தொடங்குவது ஒரு வழி. முடிவை மாற்றக்கூடிய ஒரே சோதனையை மட்டும் செய்து, மருந்து கொடுத்து, இரண்டு நாளில் மீண்டும் பார்ப்பது இன்னொரு வழி. 'இந்தச் சோதனையில் எந்த முடிவு வந்தாலும் சிகிச்சை மாறுமா?' என்று கேளுங்கள். மாறாது என்றால் அதைத் தள்ளிப்போடலாம். நல்ல டாக்டர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். குணமாகும் வாய்ப்பே இல்லாத முதிய பிராணிக்கு வலியில்லாத முடிவைப் பற்றியும் அவர் தயங்காமல் பேசுவார். அதைக் கேட்பவர் கல்நெஞ்சக்காரர் ஆகிவிட மாட்டார்.

மருந்துச் சீட்டில் மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) எழுதி வாங்குங்கள். நாய்க்குத் தரும் டாக்ஸிசைக்ளின், இதய, ரத்த அழுத்த மாத்திரைகள் பல மனிதருக்கான மருந்துக்கடையிலேயே குறைந்த விலையில் கிடைக்கும். டாக்டர் அளவு சொன்னால் தாராளமாக வாங்கலாம். விலங்குகளுக்கு மட்டுமே உரிய மருந்தின் உறையில் வீட்டு விலங்கின் தலைப் படமும், மனிதருக்குரியதல்ல என்ற வாசகமும் இருக்கும். ஆனால் அளவை நாமே யூகிப்பது உயிருக்கு உலை வைக்கும். அரை பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஐபுபுரோஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும்.

## காப்பீடும் தனிச் சேமிப்பும்

இந்தியாவில் அரசு, தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நாய்க்கான பாலிசிகளை விற்கின்றன. பூனைக்கும் சில வந்துவிட்டன. எடுக்கும் முன் பாலிசிப் பத்திரத்தில் தேட வேண்டியவை: சேரும்போதும் புதுப்பிக்கும்போதும் வயது உச்சவரம்பு, காத்திருப்புக் காலம், ஏற்கெனவே இருந்த நோய், இனத்துக்கே உரிய பிறவிக் குறைகள், ஒவ்வொரு கோரிக்கையிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கு. தடுப்பூசி, குடற்புழு நீக்கம் போன்ற வழக்கமான செலவுகளைப் பொதுவாகத் தர மாட்டார்கள். தடுப்பூசி தவறியிருந்தால், அதனால் தடுத்திருக்கக்கூடிய நோய்க்கான கோரிக்கை மறுக்கப்படலாம். குறைந்த பிரீமியம் பாலிசிகளில் பிராணி இறந்தால் கிடைக்கும் தொகை மட்டுமே இருக்கும். சிகிச்சைச் செலவு தனிச் சேர்க்கை. விளம்பரத்தில் இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படாது.

என் மதிப்பீட்டில், பெரிய இன நாய், இளம் வயது என்றால் காப்பீடு யோசிக்கத் தகுந்தது. வீட்டுக்குள்ளேயே வளரும் நாட்டுப் பூனைக்கு, மாதம் ரூ.500 தனிக் கணக்கில் போட்டுவந்தால் மூன்று ஆண்டில் ரூ.18,000 சேரும். அது எந்த விதிவிலக்கும் இல்லாமல் உதவும்.

## விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

1. ஆண் பூனை மணல் தட்டில் முக்கிக்கொண்டே இருக்கிறது, சிறுநீர் வரவில்லை. ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று தவறாக நினைக்கப்படுவது இதுதான்.
2. பெரிய நாய்க்கு வயிறு உப்பி, வாந்திக்கு முயன்றும் எதுவும் வரவில்லை. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்.
3. வெளுத்த ஈறு, நிற்க முடியாமை, நிற்காத வலிப்பு, மூச்சுத்திணறல்.
4. வெயிலில் மயங்கிய நாய். உடலைக் குழாய்த் தண்ணீரால் நனைத்து, விசிறி, அப்படியே கொண்டுபோங்கள்.
5. பாம்புக்கடி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சுக்கும் மனிதருக்குத் தரும் அதே நஞ்சுமுறி மருந்துதான் நாய்க்கும். குப்பி குப்பியாகத் தேவைப்படும், எல்லா கிளினிக்கிலும் இருக்காது. தோட்டம், வயல் அருகே வீடு என்றால் யாரிடம் இருப்பு உண்டு என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

கிளம்பும்போது தடுப்பூசிப் புத்தகத்தையும் பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை போனில் படமாக இருந்தால் இன்னும் நல்லது. இரவுப் பணியில் இருக்கும் டாக்டருக்கு உங்கள் நாயைத் தெரியாது. அந்தத் தாள்கள் இருந்தால் செய்த சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்காது.

## தகராறு வந்தால்

சிகிச்சை பலிக்காமல் போவது வேறு, கவனக்குறைவு வேறு. சந்தேகம் இருந்தால் முதலில் முழு சிகிச்சைக் குறிப்பு, பரிசோதனை முடிவுகள், பில்லின் நகல் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிராணி இறந்திருந்தால் புதைக்கும் முன் உடற்கூறு ஆய்வு பற்றி முடிவெடுக்க வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் அதைச் செய்கிறார்கள். நேரமாக ஆக, வெயிலில் உடல் சிதைந்துவிடும். அதுவரை குளிரில் வைத்திருங்கள், உறைய வைக்காதீர்கள்.

மருத்துவரின் தொழில் ஒழுக்கம் பற்றிய புகார் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்குப் போகும். பதிவின் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அங்கே உண்டு, இழப்பீடு கிடையாது. இழப்பீடு வேண்டுமென்றால், பணம் கொடுத்துப் பெற்ற சேவை என்ற அடிப்படையில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பில் வாங்காமல் கொடுத்த பணத்தை அங்கே நிரூபிப்பது கடினம்.